தலை தப்பியது, தாடை உடைந்தது: டூயல் ஸ்போர்ட் ஹெல்மெட் வாங்கப் போகிறவர்களுக்கு

“ஹெல்மெட்டு போட்டுட்டுத்தான சார் போனான், பொறவு எப்படித் தாடை ஒடைஞ்சுது?”

பாளையங்கோட்டையில் முகத்தாடை அறுவை சிகிச்சை செய்கிற எனக்குப் பழகிப்போன கேள்வி இது. கேட்பவர் பெரும்பாலும் அம்மாவாக இருப்பார். பையன் பேச முடியாமல் படுத்திருப்பான். தலை ஸ்கேனில் மூளைக்கு ஒன்றுமில்லை என்று வந்திருக்கும். ஆனால் மோவாயில் ஒரு கிழிசல் இருக்கும், காதோரம் வீங்கியிருக்கும், கடிக்கச் சொன்னால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேராது. அவன் போட்டிருந்த ஹெல்மெட்டைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தால், ஒன்று அது தாடையை மூடாத ஹாஃப் பேஸாக இருக்கும், இல்லையென்றால் தாடையை மூடுவதுபோலத் தோற்றம் மட்டும் காட்டுகிற ஏதோ ஒன்றாக இருக்கும்.

கீழ்த்தாடை லாட வடிவ எலும்பு. அதன் இரண்டு முனைகளும் காதுக்கு முன்னால் மண்டையோட்டோடு மூட்டாகச் சேர்கின்றன. காதுத் துளைக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள், அந்த மூட்டு அசைவது தெரியும். மூட்டுக்குக் கீழே எலும்பு மெலிந்து ஒரு கழுத்தாக இறங்குகிறது. மோவாய் ரோட்டில் இடித்ததும் அந்த விசை எலும்பு வழியாக ஏறிப்போய் அந்த மெல்லிய கழுத்தை முறிக்கும். சிலருக்கு இரண்டு பக்கமும் முறியும். வெளியே பார்த்தால் மோவாயில் சின்னக் காயம்தான். “நாடில நாலு தையல் போட்டாப் போதும்லா” என்று போய்விட்டு, ஒரு வாரம் கழித்து இட்லியைக்கூட மெல்ல முடியவில்லை என்று திரும்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இதைக் கவனிக்காமல் விட்டால் மூட்டு ஒட்டிப்போய் வாய் திறப்பதே நின்றுவிடலாம். தாடை வளர்ச்சியும் குன்றும்.

சரிசெய்யலாம். டைட்டானியம் பிளேட் வைத்து ஸ்க்ரூ போடுவோம், அல்லது மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் கட்டிவைப்போம். கட்டியிருக்கும் வாரங்களில் கஞ்சியும் மோரும் ஜூஸும்தான் சாப்பாடு. அவிழ்த்த பிறகு வாயைத் திறந்து பழக்க மாதக்கணக்கில் பயிற்சி செய்ய வேண்டும்.

ஹெல்மெட் உயிரைக் காக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2008-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, ஹெல்மெட் போட்டால் சாவுக்கான வாய்ப்பு சுமார் 42 சதவீதமும், தலைக் காயத்துக்கான வாய்ப்பு சுமார் 69 சதவீதமும் குறைகிறது என்று கணக்கிட்டது. முகக் காயத்தைப் பற்றி அப்படித் துணிந்து சொல்லப் போதிய சான்று இல்லை என்றும் அதுவே சொன்னது. முகத்துக்குப் பாதுகாப்பு உண்டா என்பது எந்த வகை ஹெல்மெட், எப்படிப் போட்டிருக்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. நான் பேச வந்தது அதைத்தான்.

ஹிமாலயன், எக்ஸ்பல்ஸ் மாதிரி வண்டிகள் நம் ஊரிலும் ஓடத் தொடங்கிய பிறகு, முன்னால் தொப்பி விளிம்பு மாதிரி பீக் நீட்டிக்கொண்டிருக்கும் டூயல் ஸ்போர்ட் ஹெல்மெட் மேல் பையன்களுக்கு ஆசை வந்திருக்கிறது. ஆசை நல்லதுதான். மண் ரோட்டுக்கும் தார் ரோட்டுக்கும் சேர்த்துச் செய்யப்பட்ட ஹெல்மெட் அது. தாடைப்பகுதி முன்னால் நீண்டிருப்பதால் மெதுவாகப் போகும்போதும் மூச்சுவிட இடம் இருக்கும். கண் திறப்பு அகலம். வைசரை மூடி ஓட்டலாம். கழற்றிவிட்டு காகிள்ஸும் போடலாம். மேமாத வெயிலில் ஃபுல் பேஸ் போட்டால் மூச்சு முட்டுகிறது என்று சொல்லி ஹாஃப் பேஸுக்கு மாறுகிறவர்களுக்கு, தாடையை விட்டுக்கொடுக்காமல் காற்று கிடைக்க இது நல்ல வழி.

ஆனால் அந்தத் தோற்றத்தை மட்டும் விற்கிற சரக்கும் சந்தையில் இருக்கிறது. கடையில் கையில் எடுத்ததும் தாடைப்பகுதியின் உள்பக்கம் விரலை விட்டுப் பாருங்கள். மெத்தைக்குப் பின்னால் கெட்டியான தெர்மாகோல் இருக்க வேண்டும். வெறும் பிளாஸ்டிக் ஓடும் அதன்மேல் ஒட்டிய ஸ்பாஞ்சும் மட்டும்தான் என்றால் அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். ஸ்க்ரூ போட்டுச் சேர்த்த தாடைக் காப்பை நான் நம்புவதில்லை. அடியை வாங்கிக்கொள்வது அந்தத் தெர்மாகோல்தான். அது ஒருமுறை நசுங்கி உங்கள் எலும்புக்குப் போக வேண்டிய விசையைத் தான் தின்றுவிடும். நசுங்கியது மறுபடி எழாது. ப்ளூடூத் ஸ்பீக்கர் வைக்கிறேன் என்று அதைக் குடைந்து எடுக்கச் சொல்வது, காசு கொடுத்து வாங்கிய பாதுகாப்பைக் குப்பையில் போடுவது.

முத்திரையைப் பார்க்கத் தெரிந்துகொள்ள வேண்டும். 2021 ஜூன் 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத இருசக்கர வாகன ஹெல்மெட்டை இந்தியாவில் விற்கக் கூடாது. முத்திரைக்கு மேலே ஐஎஸ் 4151 என்ற தர எண்ணும், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை, ஐஎஸ்ஐ முத்திரை கொடுக்கிற பிஐஎஸ் அமைப்பின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டால் எந்த நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது என்று வந்துவிடும். கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம். ஐரோப்பிய இசிஇ 22.06 தரமும் பெற்ற ஹெல்மெட் கிடைத்தால் இன்னும் நல்லது. தலையைச் சுழற்றுகிற மாதிரி விழும் அடிக்கும் அதில் சோதனை உண்டு. இசிஇ முத்திரையில் எண்ணோடு ஓர் எழுத்து வரும். ‘பி’ (P) என்றால் தாடைப்பகுதி பாதுகாப்பாகச் சோதிக்கப்பட்டது, ‘ஜே’ (J) என்றால் தாடைக்குக் காப்பு கிடையாது. என் வேலைக்கு அந்த ஓர் எழுத்து ரொம்ப முக்கியம். டாட் (DOT) என்று அமெரிக்கத் தரத்தின் பெயர் எழுதிய ஸ்டிக்கர் மட்டும் இருந்தால் அதற்கு மயங்க வேண்டாம், அது ரோட்டோரத்தில் தனியாகவே விற்கிறது.

இனி அளவு. புருவத்துக்கு ஓர் அங்குலம் மேலே, பின்னால் மண்டை அதிகம் புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி டேப் வைத்து அளந்துகொண்டு போங்கள். போட்டதும் கன்னம் இரண்டும் உள்ளே அமுங்க வேண்டும். பேசும்போது கன்னச் சதை பல்லில் லேசாகக் கடிபடும். புது ஹெல்மெட் அப்படித்தான் இருக்கும், ஓட்ட ஓட்ட மெத்தை தளரும். ஹெல்மெட்டைப் பிடித்து இடவலமாக அசைத்தால் நெற்றித் தோலும் கூடவே நகர வேண்டும். தோல் நின்று ஹெல்மெட் மட்டும் சுற்றினால் ஒரு அளவு சின்னதை எடுங்கள். கால் மணி நேரம் கடையிலேயே போட்டுக்கொண்டு இருங்கள். கழற்றியபின் நெற்றியில் ஒரே இடத்தில் சிவந்து வலித்தால் அந்த மாடல் உங்கள் தலை வடிவத்துக்குப் பொருந்தவில்லை. வேறு கம்பெனியைப் பாருங்கள். கடைக்காரர் “லூஸாத்தான் இருக்கணும், அப்பதான் காத்து வரும்” என்பார். கேட்காதீர்கள்.

வார்ப்பட்டையை மாட்டி இறுக்கியபின் பின்பக்க அடிவிளிம்பைப் பிடித்து முன்னோக்கித் தூக்கிப் பாருங்கள். கண்ணுக்கு மேல் ஏறிக் கழன்று வந்தால், விழும்போதும் அப்படித்தான் வரும். பட்டை மோவாய்க்கு அடியில், தொண்டையை ஒட்டி இருக்க வேண்டும். இரண்டு விரல் நுழையும் இடம் போதும். இரட்டை வளையம் போட்ட பட்டை ஒவ்வொரு முறையும் கச்சிதமாக இறுகும், பழக இரண்டு நாள் ஆகும். பட்டை மாட்டாத ஹெல்மெட் முதல் இடியிலேயே தனியாக உருண்டுவிடும். எங்களிடம் வருகிறவர்களில் இப்படித் தலைக்காயத்தோடு வருகிறவர்களைப் பார்க்கும்போதுதான் மனசு அதிகம் வலிக்கும், ஏனென்றால் ஹெல்மெட் கையில்தான் இருந்திருக்கிறது.

வியர்வைக்காகத் தடித்த துண்டைத் தலையில் சுற்றி அதன்மேல் ஹெல்மெட் போடுகிற பழக்கம் இங்கே நிறைய. அதற்காகவே ஒரு அளவு பெரிதாக வாங்குகிறார்கள். மெல்லிய பருத்திக் குல்லா போதும். பெண்கள் உச்சிக்கொண்டை போட்டால் ஹெல்மெட் உட்காராது. பின்னலைக் கழுத்தோடு தாழப் போட்டுக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெய் ஊறிய மெத்தையைக் கழற்றி ஷாம்பு போட்டு அலசி நிழலில் காயவைக்கலாம். ஹெல்மெட்டின் வெளி ஓட்டைப் பெட்ரோலோ தின்னரோ தொட்டுத் துடைக்கக் கூடாது. பாலிகார்பனேட் ஓடு அதனால் உள்ளுக்குள் பலவீனமாகும், வெளியே தெரியாது.

பீக் வேண்டுமா வேண்டாமா என்று கேட்கிறார்கள். எந்தப் பக்கம் ஓட்டுகிறீர்கள் என்பதைச் சொன்னால் பதில் சொல்லலாம். காலையில் திருச்செந்தூர் பக்கமும் சாயங்காலம் தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கமும் போகிறவருக்குச் சூரியன் நேர் கண்ணில் அடிக்கும். தலையைக் கொஞ்சம் தாழ்த்தினால் பீக் அதை மறைத்துவிடும், அது பெரிய உதவி. ஆனால் நாங்குநேரி தாண்டி வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு என்று தெற்கே போனால் கதை வேறு. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று ஆனி, ஆடியில் வண்டியையே ரோட்டின் மறுபக்கம் தள்ளும். அத்தனை காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. அந்தக் காற்றில் பீக் பாய் விரித்த வள்ளம் மாதிரித் தலையை இழுக்கும். கழுத்து வலித்து, கவனமும் போய்விடும். அந்தப் பாதைக்குப் பீக்கைக் கழற்றிவிட்டு வைசரோடு ஓட்டுங்கள், வேகத்தையும் குறையுங்கள். பீக்கைப் பிடிக்கும் ஸ்க்ரூ பிளாஸ்டிக்கில் இருந்தால் அது உடைவதற்காகவே அப்படி வைத்தது. இரும்பு ஸ்க்ரூ போட்டு மாற்றாதீர்கள், விழும்போது பீக் தரையில் மாட்டித் தலையைத் திருகிவிடும்.

இருட்டில் கறுப்பு வைசர் வேண்டவே வேண்டாம். கீறல் விழுந்த வைசரில் எதிர்வண்டி லைட் சிதறி ரோடே தெரியாது. வைசரை மட்டும் தனியாக மாற்றலாம். ஜல்லி லாரிக்குப் பின்னாலும், திசையன்விளைப் பக்கம் தேரி என்கிற செம்மணல் மேட்டிலும் போகிறவர்களுக்கு காகிள்ஸ் நன்றாக உதவும், ஓரத்து ஃபோம் தூசியை அண்டவிடாது. கண்ணாடி போடுகிறவர்களுக்கென்று அகலமான காகிள்ஸ் இருக்கிறது. குற்றாலச் சாரலில் வைசர் உள்ளே ஆவி படியும். அதைத் தடுக்கிற உள்தகடு போட வசதி இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

கவசம் ஹெல்மெட்டோடு முடிவதில்லை. விழுகிற எவரும் கையை ஊன்றுவார். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இருக்கும் சின்ன எலும்பு அப்போது முறியும். அதற்கு ரத்த ஓட்டம் குறைவு, சேர நாளாகும். அதனால் ஜாக்கெட்டுக்கு முன்னால் கையுறை வாங்கச் சொல்வேன். உள்ளங்கையில் வழுக்கும் தகடும், மணிக்கட்டில் இறுக்கும் பட்டையும் உள்ளதாக இருக்கட்டும். மாட்டிய பின் விரல் நுனியைப் பிடித்து இழுத்தால் கழன்று வரக் கூடாது. ஐரோப்பிய இஎன் 13594 முத்திரை இருக்கிறதா பாருங்கள்.

ஜாக்கெட்டில் காற்று புகும் மெஷ் வகையே நம் வெயிலுக்குச் சரி. தோள், முழங்கையில் வைக்கும் காப்பு அட்டைகளில் இஎன் 1621-1 என்றும், நிலை 1 அல்லது 2 என்றும் அச்சிட்டிருக்கும். நிலை 1 சோதனை அடியில் சராசரியாக 35 கிலோநியூட்டன் விசை வரை உள்ளே விடலாம், நிலை 2 விடுவது 20 வரைதான். முதுகில் வெறும் ஸ்பாஞ்சை வைத்து விற்கிறார்கள்; எடுத்துப்போட்டுவிட்டு இஎன் 1621-2 உள்ளதை வையுங்கள். அட்டை முழங்கையை விட்டு நகரும் அளவு தொளதொள ஜாக்கெட் எந்தத் தரத்தில் இருந்தும் பயனில்லை. சாதாரண ஜீன்ஸ் தார் ரோட்டில் உரசினால் ஒரு நொடிக்குள் ஓட்டை விழும், முழங்காலுக்குத் தனிக் காப்பு கட்டுங்கள். மணலில் விழுவது மெதுவாகத்தான் இருக்கும், ஆனால் வண்டி காலின்மேல் சாயும். கணுக்காலை மூடும் பூட்ஸ் அதற்குத்தான். செருப்போடு தேரிக்குள் இறங்கவே கூடாது.

“இந்தா இங்கனதான போறேன்” என்று கவசத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போகிற தூரத்தில்தான் மயில் குறுக்கே பறக்கிறது, நாய் பாய்கிறது, கார், பிசானம் என்ற இரண்டு போக நெல் அறுப்பும் முடிந்து ரோட்டில் நெல் காய்கிறது. பின்னால் இருப்பவரை மறந்துவிடாதீர்கள். 2022-ல் இந்தியாவில் ஹெல்மெட் இல்லாமல் இறந்த 50,029 பேரில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சக அறிக்கை. சட்டப்படி நான்கு வயதுக்கு மேற்பட்ட யாரும் ஹெல்மெட் போட வேண்டும். 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தையை ஏற்றினால் ஓட்டுநரோடு சேர்த்துக் கட்டும் பட்டையும், அளவான ஹெல்மெட்டும், மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகாத வேகமும் வேண்டும். குழந்தையை டேங்க் மேல் உட்காரவைத்து அப்பா மட்டும் பெரிய டூயல் ஸ்போர்ட் ஹெல்மெட் போட்டுப் போவதை வண்ணார்பேட்டையில் பார்க்கிறேன். நிறுத்திச் சொல்கிறேன். நீங்களும் சொல்லுங்கள்.

யாராவது விழுந்து கிடந்தால் 108-ஐ அழையுங்கள். மூச்சு சீராக இருந்தால் ஹெல்மெட்டை அவசரப்பட்டு உருவாதீர்கள். வாந்தியோ ரத்தமோ அடைத்து மூச்சு முட்டினால் மட்டும் கழற்றலாம், அதற்கும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கழுத்தையும் தாடையையும் அசையாமல் பிடிக்க, மற்றவர் பட்டையை அவிழ்த்து நேராக, மெதுவாக எடுக்க வேண்டும். சில ஹெல்மெட்டுகளில் கன்ன மெத்தையின் அடியில் சிவப்பு நாடா இருக்கும். அதை இழுத்தால் மெத்தை தனியே வந்துவிடும், பிறகு ஓடு எளிதாகக் கழலும். உதவப் போனவரைச் சட்டம் தொந்தரவு செய்யாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அதற்கென்றே இருக்கிறது.

அந்த ஹெல்மெட்டையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள். அடி எந்த இடத்தில் பட்டது என்று பார்த்தால் எங்கே முறிவு தேட வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். பார்த்து முடிந்ததும் பட்டையை வெட்டிவிட்டுக் குப்பையில் போடுங்கள், வெட்டாமல் போட்டால் யாராவது எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு போவார்கள்.