வாழ்க்கைத் திறனா, வாழ்வியல் திறனா?

வளரிளம் பருவத்தினர் புகையிலை, மது, கஞ்சா பக்கம் போகாமல் இருக்கப் பள்ளியிலேயே தரப்படும் பயிற்சி பற்றித் தமிழில் இப்போது நிறைய எழுதுகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் 'லைஃப் ஸ்கில்ஸ்' என்று வரும் இடத்திலெல்லாம் 'வாழ்வியல் திறன்கள்' என்று போட்டுவிடுகிறார்கள். ஆசிரியர்களுக்கான கையேட்டில் அதுதான், பயிலரங்க அழைப்பிதழிலும் அதுதான். இந்தப் பெயர் பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. 'வாழ்க்கைத் திறன்' என்ற எளிய தொடரே போதும், அதுவே சரி.

சொற்பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வாழ்க்கை, 'வாழ்' என்ற வினையடியிலிருந்து வந்தது. திறன் என்பது திறம் என்பதன் இன்னொரு வடிவம். அறம், அறன் ஆவதைப் போல. 'திறனறிந்து சொல்லுக சொல்லை' என்கிறது 644ஆம் குறள். அங்கே திறன் என்பது கேட்பவரின் தன்மை. அதைப் பிரித்தறிந்து பேசச் சொல்கிறார் வள்ளுவர். ஆங்கிலத்தின் 'ஸ்கில்' ஸ்காண்டிநேவிய நாடுகளின் முன்னோர் பேசிய பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. அங்கே அதற்கு வேறுபாடு, பிரித்தறிதல் என்று பொருள். கைத்தேர்ச்சி என்ற பொருள் பிறகு வந்து சேர்ந்தது. ஆக, நிலைமையை அறிந்து அதற்கேற்பச் செய்வதைக் குறிக்கத் 'திறன்' நன்றாகவே பொருந்துகிறது. 'திறமை' வேண்டாம். அது ஒருவரைப் பாராட்டும் சொல். சிலருக்கு உண்டு, சிலருக்கு இல்லை என்ற எண்ணத்தைத் தரும். திறனை யாரும் பழகிப் பெறலாம்.

1990களில் உலக சுகாதார நிறுவனம் பள்ளிகளுக்காக 'லைஃப் ஸ்கில்ஸ்' என்ற கருத்தை வரையறுத்தது. அன்றாட வாழ்க்கையின் தேவைகளையும் சவால்களையும் நல்ல முறையில் எதிர்கொள்ள உதவும் ஆற்றல்கள் என்பது அதன் சாரம். முடிவெடுத்தல், சிக்கல் தீர்த்தல், புதிதாகச் சிந்தித்தல், ஆராய்ந்து சிந்தித்தல், தெளிவாகப் பேசுதல், உறவு பேணுதல், தன்னை அறிதல், பிறர் நிலையை உணர்தல், உணர்ச்சிகளைக் கையாளுதல், மன அழுத்தத்தைச் சமாளித்தல் என்று பத்தைப் பட்டியலிட்டது. பத்தும் செயல்கள். ஒன்றுகூட ஓர் அறிவுத்துறை இல்லை.

இங்கேதான் 'வாழ்வியல்' இடிக்கிறது. இயற்பியல், உளவியல், பொருளியல் என்று படித்து வளர்ந்த காதுக்கு '-இயல்' என்றால் ஒரு துறை, ஒரு கோட்பாடு. இயல் என்பதற்கு இயல்பு, தன்மை என்ற பழைய பொருளும் உண்டே என்று அந்தச் சொல்லை ஆதரிப்பவர்கள் சொல்வார்கள். உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கையேட்டைப் புரட்டும் ஆசிரியருக்கு அந்தப் பொருள் தோன்றாது. 'வாழ்வியல் நெறிகள்', 'வாழ்வியல் சிந்தனைகள்' என்ற தலைப்புகள்தான் அவர் நினைவுக்கு வரும். உடனே எப்படி வாழ வேண்டும் என்று அறிவுரை சொல்லும் வகுப்பு இது என்று எடுத்துக்கொள்வார். போதாக்குறைக்கு, உணவு, உறக்கம், உடற்பயிற்சி பற்றிப் பேசும்போது 'லைஃப்ஸ்டைல்' என்பதற்கும் பலர் இதே வாழ்வியலைத்தான் எழுதுகிறார்கள். ஒரே சொல் நெறியையும் குறிக்க வேண்டும், நடைமுறைப் பழக்கத்தையும் குறிக்க வேண்டும், திறனுக்கும் அடைமொழியாக வேண்டும் என்றால் படிப்பவர் எதைப் புரிந்துகொள்வார்?

ஒரு சொல்லுக்கு இவ்வளவு வாதமா என்று கேட்கலாம். போதைத் தடுப்பில் அறிவுரைக்கும் பயிற்சிக்கும் உள்ள வேறுபாடுதான் எல்லாமே. போதையின் கேடுகளைச் சொல்லிப் பயமுறுத்தினால் பிள்ளைகள் விலகிவிடுவார்கள் என்றுதான் முதலில் நம்பினார்கள். அறிவு கூடியது, நடத்தை அவ்வளவாக மாறவில்லை. 1983இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய 'டேர்' என்ற போதைத் தடுப்புத் திட்டத்தில் காவல்துறை அதிகாரிகள் வகுப்புக்கு வந்து பாடம் நடத்தினார்கள். நாடெங்கும் பரவிய அந்தத் திட்டத்தால் மாணவர்களின் போதைப் பயன்பாடு குறைந்ததா என்று 1990களில் ஆராய்ந்தபோது பலன் மிகக் குறைவு என்றே தெரிந்தது.

இன்னொரு பக்கம், கில்பர்ட் போட்வின் என்ற உளவியலாளர் கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் உருவாக்கிய வாழ்க்கைத் திறன் பயிற்சியில் நடித்துப் பார்ப்பதும் ஒத்திகையும் முக்கியம். நண்பன் சிகரெட்டை நீட்டும்போது என்ன சொல்வது, எப்படி நிற்பது, எந்தக் குரலில் பேசுவது என்பதை மாணவர்கள் வகுப்பில் செய்தே பழகுகிறார்கள். 'எல்லோரும்தான் குடிக்கிறார்கள்' என்ற எண்ணம் உண்மையா என்று சரிபார்ப்பதும் இதில் உண்டு, ஏனென்றால் அந்த வயதினர் தம் வயதினரின் பழக்கத்தைப் பெரும்பாலும் மிகைப்படுத்தியே மதிப்பிடுகிறார்கள். நியூயார்க் மாநிலத்தில் 56 பள்ளிகளில் ஏழாம் வகுப்பில் தொடங்கிப் பன்னிரண்டாம் வகுப்பு வரை பின்தொடர்ந்த ஆய்வு 1995இல் வெளியானது. பயிற்சி பெற்றவர்களிடம் புகையிலை, மது, கஞ்சா மூன்றின் பயன்பாடும் குறைந்திருந்தது. பாடத்தை ஓரளவு முழுமையாக நடத்திய இடங்களில் பலன் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. இப்படி நடத்த வேண்டிய வகுப்பை 'வாழ்வியல்' என்ற பெயர் மறுபடியும் சொற்பொழிவாக்கிவிடும் என்பதுதான் என் கவலை.

'வாழ்வாதாரத் திறன்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது பிழைப்புக்கான தொழில் கற்பது. முற்றிலும் வேறு விஷயம், அதோடு விட்டுவிடுவோம்.

அப்புறம், இதே திட்டங்களின் உள்ளே இன்னும் மோசமான மொழிபெயர்ப்பு ஒன்று இருக்கிறது. போட்வினின் பயிற்சியில் ஒரு பகுதிக்கு 'ட்ரக் ரெசிஸ்டன்ஸ் ஸ்கில்ஸ்' என்று பெயர். அதை 'மருந்து எதிர்ப்புத் திறன்' என்று எழுதினால், நுண்கிருமிகள் மருந்துக்கு மசியாமல் போவது என்றுதான் தமிழில் பொருள் வரும். மருத்துவத்தில் அந்தத் தொடர் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. இங்கே சொல்ல வந்தது, ஒருவர் போதைப்பொருளை நீட்டும்போது வேண்டாம் என்று சொல்லத் தெரிவது. 'மறுக்கும் திறன்' என்றால் முடிந்தது. மூலத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியில் ஒரு சொல்லை எடுத்து ஒட்டாமல், வகுப்பில் அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்று ஒரு தடவை பார்த்தால் இந்தப் பிழை வரவே வராது.

'புரோகிராம்' என்பதை 'நிகழ்ச்சி' என்று எழுதுவதையும் கைவிட வேண்டும். நிகழ்ச்சி என்றால் மேடை, வரவேற்புரை, நன்றியுரை, ஒரு நாளில் முடிந்துவிடும். போட்வினின் பயிற்சி முதல் ஆண்டு 15 வகுப்புகள், அடுத்த ஆண்டு 10, அதற்கடுத்த ஆண்டு 5 என்று மூன்று ஆண்டுகள் ஓடும். அதைப் 'பயிற்சித் திட்டம்' என்று சொன்னால்தான், ஒரு நாள் கூட்டம் நடத்திப் படம் எடுத்துக்கொண்டு முடிக்கிற வேலை இல்லை என்பது தலைமை ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் தெரியும். 'பள்ளி வழி வாழ்க்கைத் திறன் பயிற்சித் திட்டம்' என்று முழுப்பெயராக எழுதலாம். நீளம்தான், ஆனால் படித்தவுடன் புரியும்.