ஹேவ்லாக் சதுக்கத்து வெயில்

அயர்லாந்தின் டப்ளின் நகரிலுள்ள அவீவா விளையாட்டு அரங்கத்தை முதன்முறை படத்தில் பார்ப்பவருக்குக் கட்டட வேலை இன்னும் முடியவில்லையோ என்ற சந்தேகம் வரும். கிழக்கு, தெற்கு, மேற்கு ஆகிய மூன்று பக்கமும் பார்வையாளர் மாடம் நான்கு அடுக்குகளாக எழுந்து நிற்கிறது. வடக்குக் கோல் கம்பத்துக்குப் பின்னால் வந்ததும் அது சரிந்து இறங்கி, ஒரே அடுக்காகிவிடுகிறது. அந்தத் தாழ்ந்த பக்கத்துக்கு அப்பால் ஹேவ்லாக் சதுக்கம் என்ற சிறு குடியிருப்பு இருக்கிறது. அங்குள்ள வரிசை வீடுகளின் ஜன்னல்களுக்குச் சேர வேண்டிய வெளிச்சம்தான் 51,700 பேர் அமரும் ஓர் அரங்கத்தை இப்படி வளைத்திருக்கிறது.

இந்த இடத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1878-லேயே இங்கே சர்வதேச ரக்பி ஆட்டம் நடந்தது. லான்ஸ்டவுன் சாலை மைதானம் என்ற பெயரில் நூற்றாண்டுக்கும் மேலாக இருந்த பழைய அரங்கத்தை 2007-இல் இடித்துவிட்டு, அதே மனையில் புதியதைக் கட்டி 2010 மே மாதம் திறந்தார்கள். அயர்லாந்தின் ரக்பி சங்கமும் கால்பந்துச் சங்கமும் அதைப் பகிர்ந்துகொள்கின்றன. மேற்கே ஒட்டினாற்போல ரயில் பாதை, கிழக்கே டாடர் ஆறு, வடக்கே வீடுகள். பக்கவாட்டில் விரிய இடமில்லை, மேல்நோக்கித்தான் போக முடியும்.

மேலே போவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. கடைசி வரிசையில் இருப்பவருக்கும் ஆடுகளத்தின் அருகிலுள்ள எல்லைக்கோடு தெரிய வேண்டும். அவருடைய பார்வை முன்வரிசைக்காரரின் தலையைத் தாண்டிச் செல்ல வேண்டுமென்றால், ஒவ்வொரு வரிசையும் முந்தையதைவிடச் சற்று உயர வேண்டும். பின்னால் போகப் போக அந்த உயர்வும் கூடிக்கொண்டே போகும். அரங்கத்தின் குறுக்குவெட்டை வரைந்தால் நேர்க்கோடு கிடைக்காது. மேலே செல்லச் செல்லச் செங்குத்தாகும் வளைகோடுதான் கிடைக்கும். அதனால் கடைசியாகச் சேர்க்கும் சில ஆயிரம் இருக்கைகளே கட்டடத்தை மிக அதிகமாக உயர்த்துகின்றன.

உயர்ந்தால் நிழல் விழும். எவ்வளவு நீளம் என்பதைச் சூரியன் வானில் நிற்கும் கோணம் தீர்மானிக்கிறது. சென்னையில் டிசம்பர் மாத நடுப்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 53 டிகிரி உயரத்தில் இருக்கும். அங்கே 50 மீட்டர் உயரமுள்ள சுவரின் நிழல் 37 மீட்டர்தான். டப்ளினோ வடக்கே 53-ஆவது அட்சரேகையை ஒட்டியிருக்கிறது. டிசம்பர் 21 அன்று நண்பகலில் அங்கே சூரியன் எட்டும் உயரம் வெறும் 13 டிகிரி. அதே சுவரின் நிழல் இப்போது 210 மீட்டர் நீளும், இரண்டு கால்பந்து ஆடுகளங்களின் தூரம்! ஜூன் மாதத்தில் அது 30 மீட்டருக்குள் சுருங்கிவிடும். வெயிலுக்கு ஏங்கும் குளிர்காலத்தில்தான் நிழல் மிக நீளமாகிறது. நண்பகல் நிழல் விழும் திசையோ வடக்கு. வீடுகள் இருக்கும் திசையும் அதுதான்.

நேரடி வெயில் கணக்கின் ஒரு பாதி மட்டுமே. டப்ளினில் மேகம் மூடிய நாட்கள் அதிகம். அத்தகைய நாளில் வானம் முழுவதும் விளக்காகிறது. வீட்டுக்குள் வரும் வெளிச்சம், ஜன்னலிலிருந்து எவ்வளவு வானம் தெரிகிறது என்பதைப் பொறுத்தது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இதற்கு எளிய அளவுகோல் ஒன்று வைத்திருக்கிறார்கள்: கீழ்த்தள ஜன்னலின் நடுவிலிருந்து பார்க்கும்போது எதிர்க் கட்டடத்தின் உச்சி 25 டிகிரிக்கு மேல் எழும்பினால், வெளிச்சம் குறைகிறதா என்று விரிவாக ஆராய வேண்டும். 40 மீட்டர் தள்ளி நிற்கும் கட்டடம் இந்த அளவுக்குள் அடங்க வேண்டுமானால், ஏறத்தாழ 20 மீட்டர் உயரத்தில் நின்றுவிட வேண்டும். தூரம் கூடக் கூட உயரமும் கூடலாம். வீட்டு ஜன்னலிலிருந்து வானை நோக்கிச் சாய்வாக ஒரு பலகை கிளம்புவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதற்குக் கீழே எவ்வளவு வேண்டுமானாலும் கட்டலாம். அவீவாவின் சேணம் போன்ற கூரைக்கு அடிப்படை இதுதான் என்றால் மிகையில்லை.

இந்த வளைவை வரைவது எளிதல்ல. அரங்கத்தை வடிவமைத்த பாப்புலஸ், ஸ்காட் டாலன் வாக்கர் ஆகிய இரு கட்டடக்கலை நிறுவனங்களும் வடிவம் முழுவதையும் ஒன்றோடொன்று பிணைந்த எண்களாகக் கணினியில் அமைத்தன. ஓரிடத்தில் உயரத்தை மாற்றினால் கூரையும் தாங்கும் எஃகுச் சட்டங்களும் வெளிப்போர்வையும் தாமாகவே மாறிக்கொள்ளும். வெளிப்போர்வை, மீன் செதில்களைப் போல அடுக்கிய ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் தகடுகளால் ஆனது. கான்கிரீட் சுவர் வானத்தை அடைத்து நிற்கும். இத்தகடுகளோ வானத்தின் நிறத்தையே வாங்கிக்கொள்கின்றன. சில இடங்களில் அவை சாய்ந்து திறந்து காற்றை உள்ளே விடுகின்றன.

வடக்குப் பக்கம் வெறுமையாகத் தெரிகிறது, ஆரவாரம் அந்தப் பக்கமாக வெளியேறிவிடுகிறது என்று ரசிகர்கள் குறைப்படுவதுண்டு. அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. நான்கு பக்கமும் மூடிய கிண்ணத்தில் ஒலி பட்டுப் பட்டுத் திரும்பும். திறந்த பக்கத்தில் அது திரும்பி வராது. ஆனாலும் என் மனம் வீட்டுக்காரர்கள் பக்கமே நிற்கிறது. ஆட்டம் வருடத்தில் சில நாட்கள்தான் நடக்கிறது. சமையலறை ஜன்னலோ தினமும் விடிகிறது.

புல்லுக்கு இந்த ஏற்பாட்டால் அவ்வளவு ஆதாயமில்லை. குளிர்காலச் சூரியன் தெற்கே தாழ்வாக நகர்கிறது, தெற்கு மாடமோ முழு உயரத்துக்கு நிற்கிறது. எனவே ஆடுகளத்தின் பெரும்பகுதி நிழலிலேயே கிடக்கும். இத்தகைய அரங்கங்களில் சக்கரம் வைத்த சட்டங்களில் பெரிய விளக்குகளைப் பொருத்தி, புல்தரை மீது உருட்டி நிறுத்தி, மணிக்கணக்காக எரியவிட்டுப் புல்லை வளர்க்கிறார்கள். ஜூன் மாதத்தில் மட்டும் நிலைமை கொஞ்சம் மாறும். அப்போது டப்ளினில் சூரியன் காலை ஐந்து மணிவாக்கில் வடகிழக்கில் உதிக்கிறது. வீடுகளுக்காகத் தாழ்த்திய வடக்குப் பக்கத்தின் வழியே அந்த அதிகாலை வெளிச்சம் சாய்வாக உள்ளே வர வழி கிடைக்கிறது.