பழைய நகை புது உருவைத் தாங்குமா?

பழைய நகையை எடுத்து வருகிறவர்கள் பெரும்பாலும் புது வடிவத்தைத் தீர்மானித்துவிட்டே வருகிறார்கள். கைப்பேசியில் ஒரு படம் இருக்கும். இதை உருக்கி அதைப்போல் செய்து தாருங்கள் என்பார்கள். நகைச் சீரமைப்பைத் தொழிலாகக் கொண்ட நான் அந்தப் படத்தைப் பற்றிய பேச்சைத் தள்ளிப்போட்டுவிடுவேன். கையில் இருக்கும் நகை எந்த அளவு மாற்றத்துக்கு இடங்கொடுக்கும் என்று தெரியாமல் புது வடிவத்தைப் பேசிப் பயனில்லை. வரைந்த வடிவம் மனதுக்கு ஒவ்வாவிட்டால் வேறொன்று வரைந்துகொள்ளலாம். உருக்கிய வேலைப்பாட்டையும் வெப்பத்தில் விரிசல் விட்ட கல்லையும் எவராலும் மீட்டுத் தர முடியாது.

முதலில் நகையைத் திருப்பிப் பாருங்கள். முகப்பைவிடப் பின்புறம்தான் அதிகம் சொல்லும். முத்திரை எங்கே இருக்கிறது, எத்தனை இடத்தில் பொடி (உலோகத்தை ஒட்ட உருக்கி வைக்கும் கலவை) வைத்துச் சுடர் ஊதியிருக்கிறார்கள், கல் பதிக்கும் எந்தக் கூடு பிற்காலத்தில் சேர்த்தது என்பதெல்லாம் 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் தெரிந்துவிடும். நான் குறிப்பாகத் தேடுவது சாம்பல் நிறத்தில் மங்கலாகத் திரண்டு நிற்கும் ஒட்டு. அது ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாக இருக்கக்கூடும். நகை உடைந்த நேரத்தில் அவசரத்துக்கு யாரோ வைத்த ஒட்டு அது. அணிந்துகொண்டிருக்கும் வரை அதனால் பெரிய தீங்கு இல்லை. ஆனால் தங்கத்தை ஒட்டத் தேவையான சூட்டுக்கு அதைக் கொண்டுபோனால் ஈயம் தங்கத்துக்குள் ஊடுருவி அரித்துக் குழி போட்டுவிடும். உருக்கினாலோ, மிகச் சிறிதளவு ஈயமே மொத்தத் தங்கத்தையும் நொறுங்கும் தன்மைக்கு ஆளாக்கும். தகடு அடிக்கும்போதே விளிம்புகள் வெடிக்கும். நெருப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோகும் முன்பே அந்த ஒட்டைச் சுரண்டி, அராவி, முழுவதுமாக நீக்கியாக வேண்டும். நீக்க முடியாத இடத்தில் இருந்தால் அந்தப் பகுதியையே வெட்டி எடுத்துவிட்டுத்தான் மற்றதைப் பற்றி யோசிக்கலாம். பழைய பொடிகளில் காட்மியம் கலந்திருப்பதும் உண்டு. சூட்டில் அதன் புகை வேலை செய்கிறவரின் நுரையீரலுக்கு நேரடி ஆபத்து. ‘சின்ன ஒட்டு வேலைதானே’ என்று வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களை இதனால்தான் தடுக்கிறேன்.

தேய்மானத்தை அடுத்துப் பார்க்க வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி இன்னொன்றோடு உரசும் உட்புறத்தைப் பாருங்கள். வெளியே பளபளப்பாக இருந்தாலும் அங்கே கம்பி பாதியாக மெலிந்திருக்கும். அப்படி மெலிந்த சங்கிலியில் கனமான புதுப் பதக்கத்தைக் கோக்கக் கூடாது. மோதிரத்தின் அடிப்பகுதி, காதணியின் தண்டு, கல்லைப் பிடித்திருக்கும் நகங்களின் நுனி ஆகிய மூன்றும் சீக்கிரம் தேய்கிற இடங்கள். தேய்ந்த மோதிரத்தை அளவு மாற்றி வளைக்கும்போது அந்த அழுத்தத்தில் பழைய நகங்கள் தளர்ந்து கல் விழுவது அடிக்கடி நடக்கிறது.

உள்ளே வெற்றிடமாக இருக்கும் வளையலும் மணியும் தனி வகை. சிலவற்றுள் அரக்கையோ மெழுகையோ நிரப்பியிருப்பார்கள். எடைத் தராசு அதையும் சேர்த்தே காட்டும். சூடு பட்டால் அரக்கு உருகிப் பொங்கித் தையல் பிரிந்துவிடும். மெல்லிய தகட்டில் செய்த உள்ளீடற்ற நகையை வெட்டி வேறு வடிவாக்குவது அனேகமாக நடக்காத காரியம். அப்படியே வைத்துக்கொள்வது அல்லது உருக்குவது, இரண்டில் ஒன்றுதான்.

தங்கத்தின் தரத்தைப் பற்றி வருகிறவர்களிடம் ஓர் உறுதியான நம்பிக்கை இருக்கும். முத்திரையில் 916 (ஆயிரத்தில் 916 பங்கு சுத்தத் தங்கம்) என்று இருந்தால் முழு நகையும் 22 கேரட் என்று எண்ணிக்கொள்வார்கள். முத்திரை பதித்த பகுதிக்கு அது உண்மையாக இருக்கலாம்; பின்னால் மாற்றிய கொக்கியும் பல முறை வைத்த பொடியும் அந்தத் தரத்தில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தரம் பார்க்கும் எக்ஸ்ரே கருவி மேற்பரப்பை மட்டுமே படிக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். கனமான தங்க முலாம் பூசிய பொருள் அதில் உயர்ந்த தரமாகத் தெரியக்கூடும். ஆகவே மறைவான ஓர் இடத்தில் லேசாக அராவி, உள் உலோகத்தையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். கல்லும் அரக்கும் இல்லாத திண்மையான நகையென்றால், தண்ணீரில் மூழ்கவைத்து எடைபார்க்கும் முறையே நிறையச் சொல்லும். 22 கேரட் தங்கத்தின் ஒப்படர்த்தி, அதாவது அதே கன அளவுத் தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது, 17-க்கும் 18-க்கும் இடையில் இருக்கும். அதைவிட வெகுவாகக் குறைந்தால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது, அல்லது வெற்றிடம் இருக்கிறது.

வெவ்வேறு தரமுள்ள நகைகளைச் சேர்த்து உருக்கும்போது வரும் மனத்தாங்கலை ஒரு சின்னக் கணக்கில் தவிர்க்கலாம். 22 கேரட்டில் 10 கிராமும் 18 கேரட்டில் 10 கிராமும் கலந்தால் கிடைப்பது சுமார் 833 தரமுள்ள 20 கிராம், அதாவது 20 கேரட். அதிலிருந்து 916 முத்திரை பெறும் நகை வராது. சுத்தத் தங்கம் சேர்த்துத் தரத்தை உயர்த்த வேண்டும், இல்லாவிட்டால் மொத்தத்தையும் புடம் போட்டுச் சுத்திகரிக்க வேண்டும். பழைய தங்கத்தைச் சுத்திகரிக்காமல் நேரே அச்சில் வார்த்தால் நுண்துளைகள் விழும். மெருகு போடும்போதுதான் அவை வெளியே தெரியும். சுத்திகரித்தால் எடை குறையும். குறைகிற அந்த எடையை ஏமாற்று என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். குறைவது பெரும்பாலும் செம்பும் வெள்ளியும் பொடியில் இருந்த துத்தநாகமும்தான். எவ்வளவு குறையும் என்று முன்கூட்டியே சொல்லாத தொழிலாளியிடம்தான் எனக்கு மனத்தாங்கல்.

கற்களுக்கு வருவோம். பல நகைகளில் மாற்றத்தின் எல்லையை முடிவுசெய்வது உலோகத்தைவிடக் கல்தான்.

மரகதத்தின் விரிசல்களை எண்ணெயாலோ பிசினாலோ நிரப்பியிருப்பது மிகச் சாதாரணம். சூடும் அல்ட்ராசோனிக் (மீயொலி அதிர்வு) சுத்தமும் அந்த நிரப்பலைக் கெடுத்தால் அதுவரை தெரியாத விரிசல்கள் வெள்ளையாக எழுந்து நிற்கும். மாணிக்கம் கடினமான கல், 10 வரை போகும் மோஸ் கடினத்தன்மை அளவில் 9. ஆனால் ஈயக் கண்ணாடி நிரப்பிய மாணிக்கங்கள் சந்தையில் ஏராளம். வீட்டில் புழங்கும் லேசான அமிலம்கூட அந்தக் கண்ணாடியை அரித்துவிடும் என்னும்போது, பட்டறையின் அமிலக் குளியலை அது எப்படித் தாங்கும்? முத்தும் பவளமும் சுண்ணாம்புச் சத்தால் ஆனவை. அமிலமும் ஆகாது, சூடும் ஆகாது. ஓபல் திடீர் வெப்ப மாற்றத்தில் வெடிக்கும். வைரம் எல்லாவற்றையும் தாங்கும் என்ற எண்ணமும் முழு உண்மையல்ல. காற்றுப் படும்படி நேரடிச் சுடரில் வைத்தால் அதன் பரப்பு எரிந்து பால்போல் மங்கும். அதனால்தான் போரிக் அமிலக் கரைசலில் தோய்த்துப் பாதுகாக்கிறோம். முடிந்தால் கழற்றியே விடுகிறோம்.

மூடிய கூட்டுக்குள் மெல்லிய உலோகத் தகட்டை அடியில் வைத்துப் பதித்த பழைய கற்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த நிறமும் ஒளியும் பாதி கல்லுடையது, பாதி தகட்டுடையது. வெளியே எடுத்துத் திறந்த கூட்டில் வைத்தால் கல் வெளுத்துப்போய்த் தெரியும். கல்லை மாற்றிவிட்டார்கள் என்ற சந்தேகம் அங்கேதான் பிறக்கிறது. அடிப்பகுதி தட்டையாக இருக்கும் ரோஸ் கட் வைரங்களுக்கும் இதுவே பொருந்தும். அவற்றை மூடிய கூட்டிலேயே வைத்துப் புதிதாக வடிவமைப்பதுதான் நல்லது. கையால் பட்டை தீட்டிய பழைய வைரங்களை இன்றைய முறைப்படி மறுபடி தீட்டச் சொல்கிறார்கள். நான் சம்மதிப்பதில்லை. எடை கணிசமாகக் குறையும், திரும்பக் கிடைக்காத ஒரு பழைய வெட்டும் அழிந்துபோகும். அந்தப் பெரிய பட்டைகளின் மெதுவான மினுக்கத்தை விரும்பித் தேடுகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

கூட்டின் விளிம்புக்கு அடியில் கல் ஏற்கெனவே சிதைந்திருக்கலாம். கழற்றும்வரை அது தெரியாது. மென்மையான கல்லைக் காதணியிலிருந்து மோதிரத்துக்கு மாற்றவும் தயங்குங்கள். கை எங்கும் இடிபடும், காது அப்படி இடிபடாது.

சில நகைகளைத் தொடவே கூடாது என்பது என் கருத்து. எனாமல் வேலைப்பாடு உள்ளவை முதலில். எனாமல் என்பது சுமார் 800 டிகிரி செல்சியஸ் அளவில் உலோகத்தோடு உருகிப் பிடித்த கண்ணாடி. பக்கத்தில் சுடர் ஊதினால் வெடித்து உதிரும். அடுத்து, கம்பியை இழையாக முறுக்கியும் நுண்மணிகளை ஒவ்வொன்றாக ஒட்டியும் கையால் செய்தவை. செய்தவரின் முத்திரையோடு முழுமையாக இருப்பவை. பழைய பெட்டியும் ரசீதும் கூடவே இருப்பவை. இவற்றின் மதிப்பு எடையில் இல்லை. உருக்கிவிட்டால் மிஞ்சுவது எடை மட்டுமே.

அதேசமயம், எல்லாவற்றையும் பாதுகாக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இணையை இழந்த ஒற்றைக் காதணி, இயந்திரத்தில் அச்சடித்த மெல்லிய வளையல், பத்து இடத்தில் ஒட்டிய சங்கிலி, இவற்றைத் தயங்காமல் உருக்கலாம். பெட்டியில் கிடப்பதைவிட உடலில் இருப்பதே நகைக்கு அழகு.

இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருப்பதைப் பலர் யோசிப்பதில்லை. நீளமான மாலையைப் பிரித்து இரண்டு கைச்சங்கிலியாக்கலாம். ஆடைஊசியின் பின்னால் கழற்றக்கூடிய கொக்கி பொருத்தினால் பதக்கமாகிவிடும். ஊசியையும் வெட்ட வேண்டியதில்லை. கல்லுக்கு மிக அருகில் ஒட்ட வேண்டிய இடத்தில் லேசர் பற்றவைப்பைப் பயன்படுத்தினால் சூடு பரவாது. திருப்பிப் பழையபடி ஆக்கக்கூடிய மாற்றம் ஒன்று இருக்கும்போது அதையே முதலில் செய்யுங்கள். ஓராண்டு அணிந்து பார்த்த பிறகும் போதவில்லை என்றால் உலை எங்கும் போய்விடாது.

நகை யாருடையது என்றும் கேட்பேன். தாய் விட்டுச்சென்ற நகையில் உடன்பிறந்தவர்களுக்கும் மனம் ஒட்டியிருக்கும். அவர்களிடம் சொல்லாமல் உருக்கிவிட்டு, பிறகு படத்தைக் காட்டிச் சமாதானம் சொல்ல முடியாது.

எல்லாம் முடிவானால் வேலையை இரண்டு கட்டமாக ஒப்படையுங்கள். முதல் கட்டம், பிரித்துப் பார்ப்பது மட்டும். உங்கள் கண்முன் மொத்த எடை, முன்னும் பின்னும் படங்கள், ஒவ்வொரு கல்லின் இடமும் அளவும் ஏற்கெனவே உள்ள கீறலும் குறித்த வரைபடம், இவை இரு தரப்பிலும் கையெழுத்தோடு இருக்க வேண்டும். கல் கழற்றி அரக்கு நீக்கிய பின் கிடைக்கும் நிகர எடையையும் உண்மையான தரத்தையும் பார்த்துவிட்டு இரண்டாவது முறை உட்கார்ந்து பேசுங்கள். சுத்திகரிப்பில் போகும் எடை, பயன்படாத கற்கள், அராவிய தூள், மிச்சத் தங்கம் ஆகியவை யாருக்கு என்பதை அப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தங்கத்தின் மதிப்பைவிடச் செய்கூலி மிஞ்சும் என்று தெரிந்தால், கற்களைப் பழைய கூட்டிலேயே பதித்துத் தரச் சொல்லவும் அந்த நேரத்தில் வழி இருக்கிறது.