நோய் மார்பில் இருக்க, சூலகத்தை ஏன் அகற்ற வேண்டும்?

மார்பகப் புற்றுநோய் என்புக்கோ நுரையீரலுக்கோ பரவிவிட்ட ஒரு பெண்ணிடம் சூலகங்களை அகற்றலாம் என்று கூறும்போது, உடன் வந்திருக்கும் தாயாரோ கணவரோ முதலில் கேட்பது, "நோய் மார்பில்தானே டொக்டர், வயிற்றில் எதற்குச் சத்திரசிகிச்சை?" என்பதாகும். இக்கேள்விக்குப் பொறுமையாக விடை கூறாமல் சம்மதப் படிவத்தில் கையொப்பம் பெறுவது முறையன்று.

மார்பகப் புற்றுநோய்களுள் பெரும்பாலானவை ஈஸ்ட்ரோஜன் என்ற ஹோர்மோனின் தூண்டுதலால் வளர்கின்றன. மாதவிடாய் நிற்காத பெண்களில் அதனைப் பிரதானமாகச் சுரப்பவை சூலகங்களே. ஈஸ்ட்ரோஜன் கண்டறியப்படுவதற்கு முன்னரே, கிளாஸ்கோவின் ஜோர்ஜ் பீட்சன் சூலகங்களை அகற்றியபின் முற்றிய புற்றுநோய் சுருங்கியதை 1896இல் வெளியிட்டார். 1950களில், இந்த ஹோர்மோன் உருவாவதில் பங்குள்ள, சிறுநீரகங்களின் மேலுள்ள அதிரீனல் சுரப்பிகளையும் மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பியையும்கூட அகற்றினார்கள். ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் மாத்திரைகள் வந்தபின் அக்கடுமையான சத்திரசிகிச்சைகள் வழக்கொழிந்தன. சூலக அகற்றல் மட்டும் நிலைத்தது.

அக்காலத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பெண்ணுக்கே அது பயனளித்தது. யாருக்குப் பயன்படும் என்பதை முன்கூட்டியே அறிய வழியிருக்கவில்லை. இன்று பயொப்சி (கட்டியிலிருந்து எடுத்த இழையத்தின் பரிசோதனை) அறிக்கையில் 'ஈ.ஆர். பொசிட்டிவ்', அதாவது புற்றுநோய்க் கலங்களில் ஈஸ்ட்ரோஜனை ஏற்கும் வாங்கிகள் உள்ளன, என்றிருந்தால் மட்டுமே இதைப் பற்றிப் பேசுகிறோம். ஆகவே அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஈரல் செயலிழக்கும் அளவுக்கு நோய் விரைந்து பரவும் நிலையில் பொதுவாகக் கீமோதெரபியே முந்த வேண்டும்.

இருபத்தெட்டு நாட்களுக்கு ஒருமுறை ஏற்றப்படும் கோசரலின் ஊசியாலும் சூலகங்களை அடக்கிவைக்கலாம்; ஆனால் ஊசி தவறினால் அவை மீண்டும் விழித்துக்கொள்ளக்கூடும். வெள்ளவத்தையில் வசிப்பவருக்கு மகரகமவிலுள்ள அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலை எட்டும் தூரம். நாட்சம்பளத்தை இழந்து மலையகத் தோட்டத்திலிருந்து விடியுமுன் பஸ் ஏறும் பெண்ணுக்கோ ஒவ்வொரு ஊசியும் ஒரு பெரும்பாடு. பிள்ளைப்பேறு முடிந்த அத்தகையவருக்கு, சிறு துளைகளின் வழியே ஒரே தடவையில் முடிந்துவிடும் இச்சத்திரசிகிச்சையை நான் தயக்கமின்றி எடுத்துக் கூறுவேன். இதில் கருப்பை அகற்றப்படுவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்வேன், ஏனெனில் பலரின் அச்சம் அங்கேதான் இருக்கிறது.

எனினும் இது மீளமுடியாத மாற்றம். மாதவிடாய் சட்டென நின்றுவிடும். உடல் திடீரெனக் கொதிப்பது, உறக்கமின்மை, என்பு தேய்தல் ஆகியன தொடரலாம். நோயும் இதனால் அடியோடு அகன்றுவிடாது, அதன் வளர்ச்சியே தடுக்கப்படுகிறது. சத்திரசிகிச்சை முடிந்ததென்று உடலின் பிற இழையங்களில் ஈஸ்ட்ரோஜன் உருவாவதைத் தடுக்கும் லெட்ரொசோல் போன்ற மாத்திரைகளை நிறுத்திவிடலாகாது. சூலகங்கள் இயங்கும்வரை தனித்துப் பலன் தராத அம்மாத்திரை, அவை நீங்கிய பின்னரே தன் முழு வேலையைச் செய்யத் தொடங்குகிறது.