புதுக் கோச் வந்ததும் பையனுக்குக் கால் ஏன் வலிக்கிறது?

ஜூன், ஜூலை மாதங்களில் என் பிசியோதெரபி கிளினிக்குக்கு ஒரு தனிக் கூட்டம் வரும். பள்ளி திறந்திருக்கும், ஃபுட்பால் டீமுக்குப் புதுக் கோச் வந்திருப்பார், மூன்றாவது வாரம் அம்மாவோ அப்பாவோ நொண்டுகிற பையனைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். போன வருடம் வந்த பையனுக்குப் பதின்மூன்று வயது. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் உள் ஓரமாக விரல் வைத்துத் தடவினாலே முகம் சுளித்தான்.

"தினம் எவ்வளவுப்பா ஓடறே?"

"பத்து ரவுண்டு சார். அப்புறம் படிக்கட்டு ஏறணும்."

"பந்து?"

"நேரம் இருந்தா சார்."

"லீவுல என்ன பண்ணினே?"

பதில் அவன் அம்மாவிடமிருந்து வந்தது: "செல்லை நோண்டினான்."

இரண்டு மாதம் சோபாவில் கிடந்த காலைத் திடீரென்று தினமும் பத்து ரவுண்டு ஓட வைத்தால் எலும்பு என்ன செய்யும்? சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் எலும்பும் தசையும் பழகிக்கொள்ளும், ஒரே வாரத்தில் ஏற்றினால் முரண்டு பிடிக்கும். இதில் கோச் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. புதிதாக வருகிறவர் கறாரானவர் என்று காட்டியாக வேண்டும், அதற்கு ரவுண்டு ஓட விடுவதுதான் நம்மூரில் கைக்கு எட்டுகிற வழி, அவரையும் அப்படித்தான் யாரோ வளர்த்திருப்பார்கள்.

இந்த மாதிரி சமயங்களில் நான் பெற்றோரிடம் சொல்கிற கதை போர்ச்சுகலின் எஃப்சி போர்ட்டோவுடையது, 2010-11 சீசன். அதற்கு முந்தைய வருடம் போர்ச்சுகல் லீக்கில் பென்ஃபிகா சாம்பியன், பிராகா இரண்டாவது, போர்ட்டோ மூன்றாவது. அந்தக் கிளப்புக்கு மூன்றாவது இடம் என்பது கிட்டத்தட்ட அவமானம். அப்போது கொண்டுவந்த புது மேனேஜர், அதாவது தலைமைக் கோச், ஆந்த்ரே வில்லாஸ் போவாஸுக்கு வயது 32. தொழில்முறையில் ஒரு மேட்ச்கூட ஆடியதில்லை. தலைமைப் பயிற்சியாளராக இருந்ததெல்லாம் அகாடெமிகா என்ற சின்னக் கிளப்பில் ஒரு சீசனுக்கும் குறைவான காலம்தான். போதாக்குறைக்கு புருனோ ஆல்வெஸ், ராவுல் மெய்ரெலெஸ் என்று இரண்டு தூண்களை அந்தக் கோடையிலேயே விற்றுவிட்டார்கள். தன்னை நிரூபித்தாக வேண்டிய கட்டாயம் இவரைவிட அதிகமாக யாருக்கு இருந்திருக்கும்?

நடந்தது என்னவென்றால், லீக்கில் 30 ஆட்டங்களில் 27 வெற்றி, 3 டிரா, தோல்வியே இல்லை. இரண்டாவது வந்த பென்ஃபிகாவைவிட 21 புள்ளி அதிகம். நவம்பரில் சொந்த மைதானத்தில் அதே பென்ஃபிகாவை 5-0. ஏப்ரல் 3 அன்று பென்ஃபிகாவின் மைதானத்திலேயே 2-1 என்று ஜெயித்துப் பட்டத்தை உறுதி செய்தபோது, மைதானத்துக்காரர்கள் விளக்கை அணைத்து, கொண்டாடிக்கொண்டிருந்தவர்கள் மேல் தண்ணீர் தெளிப்பானைத் திறந்துவிட்டார்கள், போர்ட்டோக்காரர்கள் நனைந்தபடியே ஆடினார்கள். மே 18 அன்று டப்ளினில் ஐரோப்பியக் கிளப்புகள் மோதும் யூரோப்பா லீக்கின் இறுதி, நமக்கு நள்ளிரவு தாண்டிவிட்டது, நான் தூங்கவில்லை. குவாரின் தூக்கிப்போட்ட பந்தை ஃபால்காவ் தலையால் முட்டிய அந்த ஒரே கோல், பிராகா காலி. பிராகாவின் மேனேஜர் டோமிங்கோஸ், போர்ட்டோவின் பழைய ஸ்ட்ரைக்கர். அவரை ஏன் பெஞ்சில் உட்கார வைக்கிறீர்கள் என்று கேட்டுத்தான், பள்ளி வயதில் வில்லாஸ் போவாஸ் தன் கட்டிடத்திலேயே குடியிருந்த அப்போதைய போர்ட்டோ மேனேஜர் பாபி ராப்சனுக்கு எழுதிக் கொடுத்தார், அங்கிருந்துதான் அவர் பிழைப்பே ஆரம்பித்தது. (இதற்கும் கால் வலிக்கும் சம்பந்தமில்லை, சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

என் தொழில் கண்ணுக்குப் பட்டது வேறு. அந்த ஏப்ரலில் மட்டும் 3, 7, 14, 20, 28 என்று பெரிய ஆட்டங்கள், இடையில் லீக் ஆட்டங்கள் வேறு. டப்ளின் முடிந்து நான்காம் நாள் போர்ச்சுகல் கோப்பை இறுதியில் 6-2. அது அந்த சீசனின் 58-வது ஆட்டம்! அடிபடாமல் ஆடினார்கள் என்று சொல்ல வரவில்லை, எந்த டீமிலும் அது நடக்காது. ஆனால் மே கடைசியில் ஆறு கோல் போட அந்தக் கால்களில் தெம்பு மிச்சம் இருந்தது.

வில்லாஸ் போவாஸ் போர்ட்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் விட்டோர் ஃப்ராடே உருவாக்கிய பயிற்சி முறையிலிருந்து வந்தவர், பிரபல கோச் ஜோசே மொரின்யோவும் அப்படித்தான். அதில் உடற்பயிற்சி தனி, ஆட்டப் பயிற்சி தனி என்று பிரிக்கவே மாட்டார்கள். ஞாயிறு மேட்ச் என்றால் முதல் இரண்டு நாள் ஓய்வும் உடல் தேறுவதும். புதன் சின்ன இடத்தில் நின்று, திரும்பி, முட்டி மோதி ஆடுகிற ஆட்டம், தசைக்கு வேலை. வியாழன் பெரிய மைதானம், நீண்ட நேரம். வெள்ளி வேகம், ஆனால் குறைந்த நேரம். சனி லேசாக. எல்லா நாளும் பந்து உண்டு, ஒவ்வொரு நாளும் சுமை வேறு மாதிரி விழும். நேற்று அடி வாங்கிய தசைக்கு இன்று அதே அடி கிடையாது. நம் பையனுக்கோ திங்கள் முதல் சனி வரை அதே பத்து ரவுண்டு, அதே சிமென்ட் படிக்கட்டு.

கோச்சுக்குப் போன் செய்தேன். "ஓடாம ஸ்டாமினா எப்படி சார் வரும்?" என்று கேட்டார், நியாயமான கேள்விதான். நாலுக்கு நாலு பேர், சின்ன மைதானம், நான்கு நிமிடம் ஆட்டம், இரண்டு நிமிடம் ஓய்வு, இப்படி நான்கு முறை ஆட விட்டுப் பாருங்கள், மூச்சு வாங்குவதில் ரவுண்டுக்குக் குறையாது என்றேன். முதல் வாரம் மூன்று நாள் போதும், அப்புறம் மெல்ல ஏற்றலாம். அரை மனதாகச் சரி என்றார். படிக்கட்டை மட்டும் விட மாட்டேன் என்றார், வாரம் ஒரு நாள் என்று பேரம் பேசி முடித்தோம்.

பெற்றோர் ஒன்றைக் கவனியுங்கள். வலி எலும்போரமாக நீளத்துக்குப் பரவி இருந்து, உடம்பு சூடானதும் குறைகிறதென்றால் பெரும்பாலும் ஓட்டத்தைக் குறைத்து, ஷூவைப் பார்த்து, கெண்டைக்காலுக்குப் பயிற்சி கொடுத்தால் சரியாகும். ஒரே புள்ளியில் விரல் வைத்துக் காட்டுகிறான், நடந்தாலும் வலிக்கிறது, ராத்திரி வலியில் எழுந்துகொள்கிறான் என்றால் மெல்லிய விரிசலாக இருக்கலாம், தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராமல் எலும்பு டாக்டரிடம் போங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும். அதனால் 'எக்ஸ்ரே நார்மல்' என்று மறுநாளே கிரவுண்டுக்கு அனுப்பிவிடாதீர்கள், வலி குறையவில்லை என்றால் திரும்பப் போய்க் காட்டுங்கள்.