கம்பெனி கேட்டில் வாங்கிய ஆதார் நகல் எங்கே போகிறது?

திருப்பூரில் 'காம்ப்ளையன்ஸ்' (விதிகளுக்கு இணங்கி நடப்பது) என்றால் தீயணைப்புக் குடுவை என்று பொருள். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆடிட்டர் வரும் வாரத்தில் குடுவையின் தேதியைப் பார்ப்பார்கள், முதலுதவிப் பெட்டியில் புதுப் பஞ்சு வைப்பார்கள், ஓவர்டைம் பதிவேட்டைத் தூசு தட்டுவார்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பற்றி இரண்டு நாள் பயிற்சி என்று பனியன் கம்பெனிகளுக்குக் கடிதம் போனால், அந்தக் குடுவைக்குப் பொறுப்பானவரைத்தான் அனுப்பிவைக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. பதிவேட்டை எப்படி எழுத வேண்டும், கேட்ட நேரத்தில் எப்படி எடுத்துக் காட்ட வேண்டும் என்பது அவருக்குக் கைவந்த கலை. சட்டம் மட்டும் படித்த என்னைப் போன்றவர்கள் அதை அவரிடம்தான் கற்றுக்கொள்கிறோம்.

கோவையில் வழக்கறிஞராக இருக்கும் நான், ஈரோடு, கரூர், திருப்பூர் என்று இந்தப் பயிற்சிகளுக்காகப் போய்வருகிறேன். முதல் அமர்வில் திரையைப் போடுவதில்லை. ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுப்பேன். "நேற்று உங்கள் கம்பெனியில் ஒரு பவர் டேபிள் டெய்லர் வேலைக்குச் சேர்ந்தார். அவருடைய ஆதார் நகல் இன்று எங்கெல்லாம் இருக்கிறது? படம் போட்டுக் காட்டுங்கள்."

ஈரோட்டில் ஒரு மனிதவள அலுவலர் வரைந்த படம் மறக்கவில்லை. ஆளைக் கூட்டிவந்த ஏஜென்ட் முதலில் தன் போனில் ஆதாரைப் படமெடுக்கிறார். அதை வாட்ஸ்அப்பில் கம்பெனிக்கு அனுப்புகிறார். கேட்டில் செக்யூரிட்டி எண்ணை நோட்டில் எழுதிக்கொள்கிறார். கம்பெனி பிரிண்டரில் மை இல்லாததால் படம் எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையின் மின்னஞ்சலுக்குப் போகிறது. அந்தக் கடையின் கணினியில் அது இன்னும் கிடக்கிறது. அங்கிருந்து பி.எஃப்., இ.எஸ்.ஐ. வேலை பார்க்கும் ஆலோசகர், சம்பளக் கணக்குத் திறக்க வந்த வங்கி ஊழியர், விடுதி வார்டன், சம்பள மென்பொருள். கடைசியாக, 'புதுச் சேர்க்கை' என்ற வாட்ஸ்அப் குழு. ஒரே நகலுக்கு இத்தனை இடம். அந்தக் குழுவில் இருந்தவர்களில் இரண்டு பேர் கம்பெனியை விட்டே போய்விட்டவர்கள். அதை அவரே கண்டுபிடித்துச் சொன்னபோது, பக்கத்து நாற்காலிக்காரர்கள் மெல்லத் தங்கள் போன்களை எடுத்தார்கள்.

சட்டத்தை அதற்குப் பிறகு திறந்தால்தான் மண்டையில் ஏறுகிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தார்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வருகின்றன. செக்யூரிட்டியின் நோட்டு வெறும் காகிதமாக இருக்கும்வரை இந்தச் சட்டம் அதைத் தொடாது. அந்தப் பக்கத்தைப் போனில் படமெடுத்த நொடியில் அது சட்டத்துக்குள் வந்துவிடுகிறது.

அபராதம்தான் எல்லோருக்கும் முதல் கேள்வி. பாதுகாப்பு ஏற்பாட்டில் தவறினால் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். சில பயிற்சியாளர்கள் இந்த எண்ணை மட்டும் பெரிய எழுத்தில் போட்டுக் கட்டணம் வசூலிக்கிறார்கள். அது உச்சவரம்பு மட்டும்தான்; தவறின் தன்மை, கால அளவு, திரும்பத் திரும்ப நடந்ததா, சரிசெய்ய என்ன முயன்றார்கள் என்பதையெல்லாம் பார்த்தே தரவுப் பாதுகாப்பு வாரியம் தொகையை முடிவு செய்யும். அபராதம் எவ்வளவானாலும் அது அரசின் தொகுப்பு நிதிக்குத்தான் போகும். ஆதார் நகல் வெளியே போன தையல்காரருக்கு இழப்பீடு தர இந்தச் சட்டத்தில் வழி இல்லை. பயிற்சியில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

அடுத்தது கையெழுத்து மோகம். கரூரில் வீட்டு ஜவுளி ஏற்றுமதி செய்யும் ஒரு பெரியவர், "எல்லோரிடமும் ஒரு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டால் போதுமல்லவா, அம்மணி?" என்று கேட்டார். போதாது; பல இடங்களில் அது தேவையும் இல்லை. வேலை தொடர்பான காரியங்களுக்குத் தகவலைக் கையாள சட்டத்தின் 7ஆம் பிரிவே இடம் தருகிறது. பி.எஃப். கட்டுவதற்கு ஒப்புதல் கேட்டு நிற்க வேண்டியதில்லை. ஆனால் தொழிலாளியின் படத்தைக் கம்பெனியின் ஃபேஸ்புக் பக்கத்தில் போடுவதும், அவருடைய எண்ணைக் கடன் கொடுக்கும் தெரிந்தவருக்குத் தருவதும் வேலை தொடர்பானவை ஆகுமா? அங்கேதான் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் என்றால் அது நிபந்தனை இல்லாமல், இன்ன காரியத்துக்கு என்று தெரிந்து, தானாகக் கொடுத்ததாக இருக்க வேண்டும். கையெழுத்துப் போடாவிட்டால் நாளைக்கு வேலை இல்லை என்ற நிலையில் வாங்கியதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. பெரியவர் சற்று யோசித்துவிட்டு, "அப்படிப் பார்த்தால் நாங்கள் இதுவரை வாங்கியது எதுவுமே ஒப்புதல் இல்லையே" என்றார்.

மொழியும் சேர்ந்து வருகிறது. எந்தத் தகவலை எதற்கு வாங்குகிறோம் என்று ஒப்புதல் கேட்கும்போது தரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும். தமிழில் அச்சடித்துவிட்டு நிமிரும் நேரத்தில், ஓவர்லாக் தையல் வரிசையில் பாதிப் பேர் ஒடியாவும் இந்தியும் பேசுகிறவர்கள் என்பது நினைவுக்கு வரும். ஜார்க்கண்டிலிருந்து வந்தவரின் தாய்மொழி சந்தாலியாக இருந்தால் அதுவும் அந்த 22இல் உண்டு. ஒரு கம்பெனி அறிவிப்பை ஒடியாவில் ஒலிப்பதிவு செய்து உணவுக்கூடத்தில் ஒலிக்கவிட்டது. சட்டம் ஒலிப்பதிவைக் கேட்கவில்லை. இருந்தாலும் எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுபவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தோன்றவில்லை.

ஆலோசகரிடமோ மென்பொருள் நிறுவனத்திடமோ வேலையைக் கொடுத்துவிட்டால் பொறுப்பும் அவர்களிடம் போய்விடும் என்று நம்புகிறவர்கள் அநேகம். கம்பெனி சார்பாக அவர்கள் கையாளும் தகவலுக்கும் கம்பெனியே பதில் சொல்ல வேண்டும். டையிங்குக்குக் கொடுத்த துணியில் நிறம் போனால் பையர் டையிங் பட்டறையிடமா கேட்பார் என்று கேட்டால், இதை விளக்க வேறு வார்த்தை தேவைப்படுவதில்லை.

தகவல் கசிவு என்றதும் எல்லோரும் எங்கோ ஒரு ஹேக்கரைக் கற்பனை செய்கிறார்கள். நான் பார்த்தது அவிநாசியிலிருந்து திருப்பூர் போகும் பஸ்ஸில் தொலைந்த ஒரு போன். ஒரு சூப்பர்வைசருடையது, திரைப்பூட்டு இல்லை. கம்பெனி சிம்மை முடக்கி, வேறு போன் வாங்கிக் கொடுத்தது. விஷயம் முடிந்ததாக எல்லோரும் நினைத்தார்கள். அதில் இருந்த ஆதார் படங்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. கடமைகள் நடைமுறைக்கு வந்த பிறகு இப்படி நடந்தால், பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் வாரியத்துக்கும் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும்; வாரியத்துக்கு 72 மணி நேரத்துக்குள் முழு விவரமும் தர வேண்டும். யார் யாருடைய படங்கள் அந்தப் போனில் இருந்தன என்ற பட்டியலே இல்லாதவர் யாருக்குத் தெரிவிப்பார்? இதனால்தான் எண்ணை மறைத்த ஆதார் நகலைக் கேட்டு வாங்கச் சொல்கிறேன். கடைசி நான்கு இலக்கம் மட்டுமே தெரியும் அந்த நகலை ஆதார் இணையதளத்திலேயே பதிவிறக்கலாம். உள் வேலைகளுக்குக் கம்பெனி தொழிலாளிக்குத் தரும் டோக்கன் எண் தாராளமாகப் போதும்.

சான்றிதழ் பற்றியும் கேட்கிறார்கள். சரவணம்பட்டி, பீளமேட்டு மென்பொருள் நிறுவனங்களில் ஐரோப்பிய வாடிக்கையாளர்களின் தகவலைக் கையாள்பவர்களுக்கு இந்தத் துறை வல்லுநர்களின் சர்வதேச அமைப்பான ஐ.ஏ.பி.பி.யின் தேர்வுகளும், மென்பொருள் நிறுவனங்களின் சங்கமான நாஸ்காம் உருவாக்கிய தரவுப் பாதுகாப்பு அமைப்பான டி.எஸ்.சி.ஐ.யின் சான்றிதழும் பயன்படும். பனியன் கம்பெனிக்கு அவற்றைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. தரவுப் பாதுகாப்பு அலுவலரும் அரசு 'முக்கியமானவை' என்று அறிவிக்கும் நிறுவனங்களுக்குத்தான் கட்டாயம். மற்றவர்கள் கேள்விக்குப் பதில் சொல்லும் ஒருவரின் தொடர்பு விவரத்தை வெளியிட்டால் போதும். அலுவலரை நியமிக்காவிட்டால் கம்பெனியை மூடிவிடுவார்கள் என்று யாராவது பயிற்சி விற்க வந்தால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

போன ஆண்டு ஒரு பயிற்சியின் இரண்டாம் நாள் மாலை. இரண்டு நாளும் வாய் திறக்காத ஒரு செக்யூரிட்டி சூப்பர்வைசர், முன்னாள் ராணுவ வீரர், வருகைப்பதிவுத் தாளோடு என்னிடம் வந்தார். அதில் பெயர், போன் எண், பிறந்த தேதி, வீட்டு முகவரி என்று வரிசையாகக் கட்டங்கள். தாள் கைமாறிக் கைமாறி அறை முழுவதும் சுற்றி வந்திருந்தது. "பிறந்த தேதி எதற்குங்க, மேடம்? இதை எப்போது அழிப்பீர்கள்?" என்றார்.

இப்போது அந்தத் தாளில் பெயரும் கையெழுத்தும் மட்டும்தான். பழைய தாள்களிலிருந்து என் அலுவலகத்தில் ஏற்றி வைத்திருந்த எக்செல் கோப்பில் 600க்கும் மேற்பட்டோரின் பிறந்த தேதி இருந்தது. அதன் பிரதிகள் எங்கெங்கே கிடக்கின்றன என்று தேடி அழித்து முடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது.