உள்ளே ஊறிப்போன அரசர்

இங்கிலாந்தின் பிளிமத் நகரில் 'த பாக்ஸ்' என்ற அருங்காட்சியகத்தில் 14 மரச் சிலைகள் இருக்கின்றன. பாதிக்கு மேல் கூரையிலிருந்து தொங்குகின்றன. எல்லாம் 19-ஆம் நூற்றாண்டுக் கடற்படைக் கப்பல்களின் முன்முனையில் நின்றவை. அவற்றில் பெரியவர் 'ராயல் வில்லியம்' கப்பலின் அரசர் நான்காம் வில்லியம்: சுமார் 4 மீட்டர் உயரம், 2 டன்னுக்கு மேல் எடை.

இவ்வளவு பெரிய உருவத்தை ஒரே மரத்தில் செதுக்க முடியாது. பல கட்டைகளை இணைத்துத்தான் செய்தார்கள். சிக்கல் அந்த இணைப்புகளில்தான் தொடங்குகிறது. ஈரம் ஏறினால் மரம் குறுக்குவாட்டில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். நீளவாட்டில் அநேகமாக அசையாது. ஒவ்வொரு கட்டையும் தன் போக்கில் அசைய, பூச்சு விரிசல் விட்டு மழைநீர் உள்ளே இறங்குகிறது. இறங்கிய நீர் வெளியேற அதே பூச்சு விடுவதில்லை. பிற்காலத்தில் காப்பாற்றுவதாக நினைத்துச் சில சிலைகளைக் கண்ணாடியிழையால் மூடினார்கள்; ஈரம் இன்னும் வசமாக மாட்டிக்கொண்டது. ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைத்தால் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? வெளியே கம்பீரமான முகம், உள்ளே விரலால் அமுக்கினால் நசுங்கும் மரம்.

வெட்டாமல் உள்ளே பார்ப்பது எப்படி? தேங்காயைத் தட்டிப் பார்க்கிற அதே யோசனைதான். சிலையைச் சுற்றி உணரிகளைப் பொருத்தி, ஓரிடத்தில் சுத்தியலால் தட்டுகிறார்கள். கெட்டி மரத்தில் ஒலி வேகமாகப் போகும். மக்கிய இடத்தில் தாமதமாகும், அல்லது அதைச் சுற்றிக்கொண்டு வரும். பல இடங்களில் தட்டி, நேரங்களைக் கணினியில் சேர்த்தால் உள்பகுதியின் படம் கிடைக்கிறது. நிற்கும் மரங்களைச் சோதிக்கப் பயன்படும் முறைதான் இது.

இதற்கு நேர்மாறான கதை சுவீடனின் 'வாசா'. 1628-இல் முதல் பயணத்திலேயே ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் மூழ்கி, 1961-இல் மேலே வந்த கப்பல் அது. அதன் முகப்புச் சிங்கம் முன்னூறு ஆண்டுகளுக்கு மேல் தண்ணீரில் கிடந்தும் இன்று பார்க்கக் கிடைக்கிறது. பால்டிக் கடலில் உப்பு குறைவு, அதனால் மரத்தைத் துளைக்கும் கப்பல் புழு அங்கே வாழ முடியவில்லை. அடியில் ஆக்ஸிஜனும் குறைவு. முழுக்க நனைந்த மரம் தப்பியது. பாதி நனைந்து காற்றுப்பட்டதுதான் கெட்டது.

ஆனால் வாசாவை அப்படியே உலரவிட்டிருந்தால் மரம் சுருங்கி வெடித்திருக்கும். அதனால் நீரின் இடத்தை நிரப்பும் மெழுகு போன்ற ஒரு வேதிப்பொருளை 17 ஆண்டுகள் தெளித்தார்கள். பிளிமத் சிலைகளுக்கு வேறு வைத்தியம்: மாதக்கணக்கில் மெல்ல உலர்த்தி, மக்கியதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புது மரம் சேர்த்தார்கள்.